கடற்கரைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், நீச்சல் தெரியாது. போகலாமா?

அமராவதிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். சிட்னிக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. முதுகலை படிக்கிறேன். வெஸ்ட்மீடில் மூன்று பெண்களோடு ஒரு வீட்டில் இருக்கிறேன். சொந்த ஊர் கரூர்.

வகுப்பில் ஒரு குழு வேலைக்காக எங்கள் ஆறு பேரைச் சேர்த்துப் போட்டார்கள். ஒரு கொலம்பியப் பெண், நேபாளத்தைச் சேர்ந்த ஓர் அக்காவும் தம்பியும், ஒரு வியட்நாம் பையன், வொலொங்காங் பக்கம் வளர்ந்த ஓர் ஆஸ்திரேலியப் பெண், நான். அறிக்கையைக் கொடுத்து முடித்த கையோடு, நவம்பர் கடைசி சனி ஞாயிறு தெற்குக் கரைக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. ரயிலில் போய் சனிக்கிழமை பகல் முழுக்க ஆஸ்டின்மர் கடற்கரை, ராத்திரி கயாமாவில் ஒரு கேரவன் பார்க்கில் கேபின், ஞாயிறு அங்கே சுற்றிவிட்டுத் திரும்புவது. வாட்ஸ்அப் குழுவில் என் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள்.

எனக்குப் போக ரொம்ப ஆசை. இந்த நாலு மாதத்தில் படிப்பு, பகுதி நேர வேலை தவிர வேறு எதற்கும் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. இவர்கள் கூப்பிட்டதும் அன்றைக்கு ரயிலில் வீடு திரும்பும்வரை அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் எனக்குத் தெரிந்த கடல் திருச்செந்தூர் மட்டும்தான். ஆறு வயதில் மொட்டை போட்டுவிட்டுக் கரையோரம் நின்றோம். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் மணல் நழுவியது இன்னும் நினைவிருக்கிறது. ஊரில் அமராவதியில் தண்ணீர் வரும் மாதங்களிலும் எங்களை இறங்க விட மாட்டார்கள். அண்ணன் தோட்டத்துக் கிணற்றில் இடுப்பில் கயிறு கட்டி நீந்தக் கற்றுக்கொண்டான். நான் மேலே உட்கார்ந்து அவன் துணிக்குக் காவல் இருந்தேன்.

இங்கேயும் எல்லோரும் தண்ணீரில் இருக்க, நான் பைகளுக்குக் காவலாக மணலில் உட்கார்ந்திருப்பேனோ என்பதுதான் என் கவலை. நீச்சல் தெரியாதவர்கள் அந்தக் கடலில் இறங்கலாமா? நான் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது? இவர்கள் பியர் குடிப்பார்கள், அதை எப்படிச் சமாளிப்பது? வீட்டில் எப்படிச் சொல்வது? அப்புறம் உடை. நீச்சலுடை போட்டு எனக்குப் பழக்கமில்லை, போடவும் விருப்பமில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பெண்டில்ஹில் அக்கா:

தங்கச்சி, கட்டாயம் போய்விட்டு வாங்கள். கூச்சப்பட்டு உடையைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், நான் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இங்கே ரேஷி என்று ஒன்று உண்டு. நீச்சலுடைத் துணியில் தைத்த முழுக்கைச் சட்டை. வெயிலுக்காக ஆண், பெண், குழந்தை எல்லோரும் போடுவார்கள். அதோடு அதே மாதிரித் துணியில் கணுக்கால்வரை வரும் லெக்கிங்ஸ். இரண்டும் பெரிய கடைகளில் மலிவாகவே கிடைக்கும். தலையையும் மூட விரும்புகிறவர்களுக்கு புர்கினி இருக்கிறது. அது 2004-இல் இதே சிட்னியில் ஒரு பெண் வடிவமைத்ததுதான். அதனால் உடம்பை மூடிக்கொண்டு கடலில் இறங்கும் பெண் இந்த ஊருக்குப் புதிதில்லை, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஒன்றே ஒன்று, பருத்திச் சுடிதாரோடு மட்டும் இறங்காதீர்கள். நனைந்தால் கல்லாகக் கனக்கும், காலோடு சுற்றிக்கொள்ளும். நான் வந்த புதிதில் அப்படித்தான் இறங்கினேன். முழங்கால் ஆழத்தில் ஓர் அலை வந்து, எழுந்து நிற்க முடியாமல் இரண்டு முறை விழுந்தேன். அதற்குப் பிறகு ஒரு வருடம் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பயணத்துக்கு முன்னால் ஒரு நாள் கிடைத்தால் சிட்னியிலேயே இருக்கும் கூஜி கடற்கரைக்குப் போங்கள். அங்கே பாறைக்கு நடுவில் மெக்ஐவர்ஸ் லேடீஸ் பாத்ஸ் என்று ஒரு கடல்நீர்க் குளம் இருக்கிறது. பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மட்டும்தான் அனுமதி. பாட்டிகள் முதல் பள்ளிப் பிள்ளைகள்வரை வருவார்கள். தண்ணீர் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

சன்ஸ்கிரீன் 50 பிளஸ் வாங்குங்கள். நமக்குக் கறுப்புத் தோல், ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம், இந்த வெயில் நம்மையும் சுடும். வெயிலில் போவதற்கு இருபது நிமிடம் முன்பே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். காது மடல், பின்கழுத்து, பாதத்தின் மேல்பக்கம் மூன்றையும் மறந்துவிடுவோம்.

வீட்டில் மறைக்காதீர்கள். கேபினின் முகவரி, கூட வரும் இரண்டு பெண்களின் எண், எந்த ரயில், எல்லாவற்றையும் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். தெரியாத விஷயத்துக்குத்தான் அவர்கள் பயப்படுவார்கள்.

மணப்பாட்டுக்காரன்:

தங்கச்சி, உடை பற்றி அக்கா சொல்லிவிட்டார். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், முழுக்கப் படித்துவிடுங்கள்.

நான் தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரையில் பிறந்தவன். அப்பா மீன்பிடித் தொழில். வள்ளத்தில் போய் வளர்ந்தவன், நீச்சல் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தானாக வந்தது. இந்த நாட்டுக்கு வந்த முதல் கோடையில், வொலொங்காங்குக்கு வடக்கே ஒரு கடற்கரைக்கு நண்பர்களோடு போனேன். சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டிருந்தார்கள். அதற்கு நடுவில் ஒரே கூட்டம். கொஞ்சம் தள்ளி ஓர் இடம் காலியாக இருந்தது, அலையும் அங்கே குறைவு, தண்ணீர் கறுத்து அமைதியாகத் தெரிந்தது. நல்ல இடம் என்று நினைத்து அங்கே இறங்கினேன்.

மார்பளவு ஆழத்தில் நின்றவனுக்கு, அடுத்த அலை போனதும் தரை தட்டுப்படவில்லை. கரையைப் பார்த்து நீந்தினேன். கரையில் சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் குடை நட்டுக்கொண்டிருந்தார், அவரைக் குறி வைத்து நீந்தினேன். நீந்த நீந்த அந்தச் சிவப்புச் சட்டை சின்னதாகிக்கொண்டே போனது. கை ஓய்ந்துபோய், வாயில் தண்ணீர் போன பிறகுதான் கையைத் தூக்கினேன். இருபது வயதுகூட ஆகாத ஒரு பெண் பலகையில் படுத்துத் துடுப்புப் போட்ட மாதிரி கையால் தள்ளிக்கொண்டு வந்தாள். "பலகையைப் பிடித்துக்கொள், முதலில் மூச்சு விடு" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கரைக்கு வந்ததும் என் முதுகில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

கடலின் ஓட்டத்தை எங்கள் ஊரில் நீவாடு என்போம். நான் மாட்டியதை இங்கே ரிப் என்கிறார்கள். அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். மணல் திட்டுகளுக்கு நடுவே எங்கே ஆழமான வாய்க்கால் கிடைக்கிறதோ அதன் வழியாக வேகமாக வெளியே போகும். ஆழம் என்பதால் அங்கே அலை உடையாது, அதனால்தான் பார்க்க அமைதியாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு வருடமும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இந்த ஓட்டத்தில் சாகிறார்கள். அதில் நம்மைப் போல வெளியிலிருந்து வந்தவர்களும் உண்டு.

அந்தக் கொடிகள் எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. காலையில் உயிர்காப்பவர்கள் கடலைப் பார்த்து, பாதுகாப்பான இடம் எதுவோ அங்கே நடுவார்கள். பகலில் கடல் மாறினால் கொடியையும் மாற்றுவார்கள். நீங்கள் இரண்டு கொடிக்கும் நடுவில், இடுப்பளவு தாண்டாமல், அலைக்கு முதுகைக் காட்டாமல் நில்லுங்கள். தண்ணீரில் இருக்கும்போது அடிக்கடி கொடியைத் திரும்பிப் பாருங்கள், நமக்குத் தெரியாமலேயே கடல் பக்கவாட்டில் நகர்த்திவிடும். கொடி இல்லாத கடற்கரையில் கால்கூட நனைக்க வேண்டாம்.

எப்படியாவது மாட்டிக்கொண்டால் ஓட்டத்தை எதிர்த்துப் போராடாதீர்கள். அது வெளியே இழுக்குமே தவிர அடியில் இழுக்காது. மல்லாந்து மிதந்து, ஒரு கையை உயர்த்துங்கள், குரல் கொடுங்கள். பார்த்துக்கொண்டே இருப்பார்கள், வருவார்கள்.

இனி நல்ல செய்தி. உங்கள் நண்பர்கள் உங்களுக்காகவே தேர்ந்தெடுத்த மாதிரி ஆஸ்டின்மரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கடற்கரையின் தென்முனையில் பாறையை ஒட்டி இரண்டு கடல்நீர்க் குளங்கள் இருக்கின்றன. சுற்றிலும் சுவர், கட்டணம் கிடையாது. நீச்சல் தெரியாதவர்களுக்கு அதுதான் இடம். கடல் வற்றியிருக்கும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். ஏறும் நேரத்தில் பெரிய அலை சுவரைத் தாண்டி உள்ளே விழும்.

மணலில் நீலக் குமிழி மாதிரி ஏதாவது கிடந்தால் தொடாதீர்கள். அது நீலச் சொறி, கொட்டும் ஒரு கடல் உயிரி, இங்கே புளூபாட்டில் என்பார்கள். கோடையில் வடகிழக்குக் காற்று அடித்தால் கூட்டமாகக் கரை ஒதுங்கும். பட்டால் சாட்டையால் அடித்த மாதிரி எரியும். ஒட்டியிருக்கும் நூலை எடுத்துவிட்டு, கடல் தண்ணீரில் அலசி, பொறுக்கக்கூடிய அளவு சுடு தண்ணீரை இருபது நிமிடம் விட வேண்டும். வினிகர் வேண்டாம், இந்த வகைக்கு அது சரிப்படாது. மூச்சுத் திணறலோ வேறு பெரிய ஆபத்தோ என்றால் 000 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

அந்தப் பெண்ணை நான் மறுபடி பார்க்கவில்லை. அடுத்த வருடம் எங்கள் பகுதி உயிர்காப்புச் சங்கத்தில் சேர்ந்தேன். 400 மீட்டரை 9 நிமிடத்துக்குள் நீந்தினால்தான் பிராண்ஸ் மெடாலியன் (வெண்கலப் பதக்கம்) என்ற உயிர்காப்பாளர் தகுதி கிடைக்கும். இரண்டாவது முயற்சியில் நீந்தி முடித்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கொடி நடுகிறேன்.

சுன்னாகத்தார்:

பிள்ளை, தம்பி சொன்னதை எழுதி வைத்துக்கொள்ளுங்கோ. நான் சாப்பாட்டுக்கும் ரயிலுக்கும் பதில் சொல்லுறன்.

இந்த நாட்டில் "ஒரு பிளேட் கொண்டு வா" என்று சொன்னால் வெறும் தட்டைக் கொண்டு போகக் கூடாது, எல்லோரும் பகிர்ந்து உண்ண ஏதாவது சமைத்துக் கொண்டுபோக வேண்டும். எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம் இரண்டும் ஆறினாலும் நல்லாயிருக்கும், மணல் காற்றுக்கும் மூடி வைக்கலாம். தயிர்ச்சாதம் என்றால் எஸ்கிக்குள் ஐஸோடு வையுங்கோ, வெயிலில் புளித்துவிடும். எஸ்கி என்பது இங்கே குளிர்ப்பெட்டிக்குப் பெயர்.

பூங்காக்களிலும் கேரவன் பார்க்குகளிலும் மின்சார பார்பிக்யூ அடுப்பு வைத்திருப்பார்கள். இறைச்சி வாட்டின தட்டு என்று தயங்க வேண்டாம். அலுமினியத் தாளை இரண்டாக மடித்து உங்கள் பக்கத்துக்கு விரித்து, அதில் பனீரும் சோளமும் குடமிளகாயும் வாட்டலாம். முதலிலேயே சொன்னால் அவர்களே ஒரு மூலையை விட்டுத் தருவார்கள். கடையில் சிப்ஸ் வாங்கும்போது மட்டும் மீன் பொரித்த எண்ணெயா என்று கேளுங்கோ.

குடிக்கிற விஷயத்தில் "எனக்கு வேண்டாம், நன்றி" என்பது போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. கையில் ஏதாவது இருந்தால் கேள்வியும் வராது. ஜிஞ்சர் பியர் வாங்குங்கோ, எங்கட நாட்டில் குடிக்கிற அதே இஞ்சிச் சோடாதான். மதுக்கடையில் விற்கிற சிலதில் மட்டும் மது இருக்கும், லேபிளைப் பாருங்கோ. பல கடற்கரைகளில் மது அருந்தத் தடை உண்டு, அறிவிப்புப் பலகை இருக்கும்.

சிட்னி சென்ட்ரல் நிலையத்தில் இருந்து போகும்போது இடப்பக்கச் சன்னலில் இருங்கோ. வாட்டர்ஃபால் தாண்டினால் காடு, அதற்குப் பிறகு சுரங்கம், ஸ்டான்வெல் பார்க் வரும்போது திடீரென்று கடல் கீழே தெரியும். நாற்பது வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. அந்த ஸ்டான்வெல் பார்க்கில்தான் 1894-இல் லாரன்ஸ் ஹார்கிரேவ் பெட்டிப் பட்டங்களைக் கட்டித் தன்னைத் தானே தரையிலிருந்து தூக்கிப் பார்த்தார். அதற்கு முந்தின பக்கம் ஹெலன்ஸ்பர்க். 1985-இல் குடமுழுக்கு நடந்த வெங்கடேஸ்வரர் கோயில் அங்கேதான் இருக்கிறது. பெருமாள் கோயில் இருக்கிற ஊர் வழியாகத்தான் ரயில் போகிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கோ. வார இறுதிகளில் தண்டவாள வேலை என்று ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவதும் உண்டு, முதல் நாளே பார்த்து வையுங்கோ.

அமராவதிக்கரை:

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அண்ணா எழுதியதை இரண்டு முறை படித்தேன். இன்னொரு சின்னக் கேள்வி, நவம்பர் கடைசியில் தண்ணீர் எப்படி இருக்கும்?

மணப்பாட்டுக்காரன்:

இருபது டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். நம் ஊர்க் கடலை நினைத்துக்கொண்டு இறங்கினால் மூச்சு ஒரு நொடி நின்றுவிடும். மெதுவாக இறங்குங்கள், முகத்திலும் கழுத்திலும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டு. நீச்சல் தெரியாது என்பதைக் கூட வருபவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அங்கே போய்ச் சொல்ல வேண்டாம்.

அமராவதிக்கரை:

போய்விட்டு வந்துவிட்டேன். நேற்று ராத்திரி வந்தேன், இன்றைக்கே எழுத வேண்டும் என்று தோன்றியது.

அண்ணா சொன்னபடி புதன்கிழமையே குழுவில் எழுதினேன்: "எனக்கு நீச்சல் தெரியாது, கடல் என்றால் பயம்." அரை மணி நேரம் யாரும் பதில் போடவில்லை. அப்புறம் நேபாள அக்கா எழுதினாள், தனக்கும் தம்பிக்கும் தெரியாதாம். சிட்னிக்கு வரும்வரை இருவரும் கடலையே பார்த்ததில்லையாம், எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்களாம். ஆறு பேரில் மூன்று பேர்! ஆஸ்திரேலியப் பெண் உடனே, அப்படியென்றால் காலையில் முதல் வேலை பாறைக்குளம் என்று முடிவு செய்துவிட்டாள்.

இடப்பக்கச் சன்னலில் உட்கார்ந்தோம். ஸ்டான்வெல் பார்க்கில் கடல் தெரிந்தபோது நேபாளத் தம்பி எழுந்து நின்றுவிட்டான். ஆஸ்டின்மரில் கொடிகளை முதலில் பார்த்தது நான்தான். கொடிக்கு வடக்கே ஓர் இடம் கறுத்து, அலையில்லாமல் இருந்தது. அதைக் காட்டி எல்லோருக்கும் சொன்னேன். கொலம்பியப் பெண், "இது தெரியாமல் அங்கேதான் இறங்கியிருப்பேன்" என்றாள்.

குளத்தில் தண்ணீர் அவ்வளவு குளிர். படியில் உட்கார்ந்து, கழுத்தில் தெளித்து, கால் மணி நேரம் கழித்துத்தான் இடுப்பளவுக்குப் போனேன். ஆஸ்திரேலியப் பெண் என் பிடரிக்குக் கீழே ஒரு கையையும் இடுப்புக்குக் கீழே ஒரு கையையும் கொடுத்து, காதைத் தண்ணீருக்குள் விடச் சொன்னாள். அதுதான் வரவில்லை. காது நனைந்ததும் கழுத்து தானாக விறைத்து எழுந்துவிடுகிறது. நேபாள அக்கா வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தாவதோ ஆறாவதோ முறை காது இரண்டும் உள்ளே போனது. வெளிச்சத்தம் எல்லாம் நின்று என் மூச்சு மட்டும் கேட்டது, உள்ளே யாரோ பாயை இழுத்துப் போடுகிற மாதிரி. மேலே வானம். கையை எப்போது எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. பத்து எண்ணும்வரை மிதந்தேன் என்று மூன்று பேரும் சொல்கிறார்கள்.

பைகளுக்கு முறை வைத்து, ஆளுக்கு இருபது நிமிடம் காவல் இருந்தோம். என் முறையும் வந்தது, இருந்தேன். அப்போது ரேஷி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

எலுமிச்சைச் சாதம் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. கேபினில் கொலம்பியப் பெண் சோள மாவில் அரேப்பா சுட்டாள், தொட்டுக்கொள்ள நான் கொண்டுபோயிருந்த மாங்காய் ஊறுகாய். ஜிஞ்சர் பியரை வியட்நாம் பையனும் கேட்டு வாங்கிக்கொண்டான், அவனும் குடிக்க மாட்டான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஞாயிறு கயாமாவில் பாறைத் துவாரம் வழியாகத் தண்ணீர் பீறிடும் என்று வேலியோரம் ஒரு மணி நேரம் நின்றோம். தென்கிழக்கிலிருந்து அலை வந்தால்தான் நன்றாக எழும்புமாம், அன்றைக்கு உறுமல் சத்தம்தான் கேட்டது. அதையும் ஒலிப்பதிவு செய்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

அக்கா, பாதத்தின் மேல்பக்கம் பூச மறந்துவிட்டேன். செருப்பு வார் இருந்த இடம் மட்டும் விட்டு மீதி சிவந்து எரிகிறது, இன்றைக்குக் காலணி போட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் நேபாள அக்காவும் கூஜி போவதாக இருக்கிறோம், அதற்குள் ஆறிவிடுமா? இன்னொன்று, துண்டை இரண்டு முறை துவைத்தும் மணல் போகவில்லை. என்ன செய்வது?

பெண்டில்ஹில் அக்கா:

பாதத்துக்குக் கற்றாழைக் கூழ் தடவுங்கள், கொப்புளம் வந்தால் உடைக்காமல் மருந்துக் கடையில் காட்டுங்கள். தோல் ஆறும்வரை வெயில் படாமல் மூடி வையுங்கள். இந்த ஞாயிறு இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு போகலாம், குளம் எங்கும் போய்விடாது. நானும் வருகிறேன்.

துண்டை ஈரத்தோடு துவைக்கக் கூடாது தங்கச்சி. துணிக்கொடியில் போட்டு மொறுமொறுவென்று காய விட்டு, வெளியே கொண்டுபோய் நாலு உதறு உதறுங்கள், அப்புறம் துவைக்கலாம்.